தண்ணீரில் நிற்கும் தக்காளி



ஆலையும் லாரியும் வெள்ளமுமாக இருக்கும் மணலி புதுநகரில் போய்த் தக்காளிச் செடியின் ஹார்மோனைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. பேச வேண்டிய ஊரே இதுதான் என்பது என் எண்ணம்.

பூண்டி ஏரி நிரம்பி உபரிநீரைத் திறந்தால், அது கொசஸ்தலையாற்றில் இறங்கி, வழியில் பெய்த மழையையும் சேர்த்துக்கொண்டு, எண்ணூரில் கடலைத் தொடுவதற்கு முன் உங்கள் ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறது. 2015இல் பார்த்தது, 2021இல் பார்த்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்து பார்த்தது. கடைசி முறை தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் வலையிலும் படகிலும் அப்பிய அந்தக் கறுப்பு, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. வெள்ளம் வடிந்ததும் வீட்டில் என்னென்ன போயிற்று என்று கணக்குப் பார்க்கிறோம்: ஃபிரிட்ஜ், பைக், மெத்தை, பிள்ளைகளின் சர்டிபிகேட். கொல்லையில் நின்ற நாலு தக்காளிச் செடி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இன்று ஒரு நாள் அதை வர வைப்போம்.

முழங்கால் வெள்ளம்கூட வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டு ஒரு நாள் தண்ணீர் தேங்கினால் போதும். மறுநாள் காலையில் இலைகளெல்லாம் காம்போடு கீழ்நோக்கி வளைந்து தொங்கும். ‘ஐயோ வாடிடுச்சே’ என்று இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊற்றுவதற்கு முன் இலையைத் தொட்டுப் பாருங்கள். தாகத்தில் வாடிய இலை விரலில் துவண்டு விழும். தேங்கிய தண்ணீரில் நிற்கும் செடியின் இலையோ முதல் ஓரிரு நாள் விறைப்பாகவே இருக்கும். காம்பை மேலே தூக்கிப் பார்த்தால் எதிர்த்து நிற்கும். காம்பின் மேல்பக்கத்துச் செல்கள் அடிப்பக்கத்துச் செல்களைவிட வேகமாக நீண்டு, இலையைக் கீழே தள்ளியிருக்கின்றன. அங்கே நடந்திருப்பது வளர்ச்சி. செடி தன் இலையைத் தானே தாழ்த்திக்கொண்டிருக்கிறது. தாவரவியலில் இதற்கு எபினாஸ்டி என்று பெயர்.

தண்ணீரில் இருப்பது வேர். வளைவது இலைக்காம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் தண்டு. கீழே நடப்பது மேலே எப்படித் தெரிந்தது?

இதற்கு விடை சொன்னவர் தைவானில் பிறந்து கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஷாங் ஃபா யாங். எத்திலீன் என்ற வாயு தாவரங்களின் ஹார்மோன்களில் ஒன்று என்பது அவருக்கு முன்பே தெரியும். செடி அதை எப்படித் தயாரிக்கிறது என்பது தெரியாமல் இருந்தது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி எத்திலீனில் முடியும் பாதையில் நடுவே ஏசிசி என்றொரு பொருள் இருப்பதை 1979இல் ஆடம்ஸ் என்பவரோடு சேர்ந்து யாங் காட்டினார். பாதையின் கடைசி இரண்டு படிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் ஒரு நொதி ஏசிசியைச் செய்கிறது. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அடுத்த படியில் இன்னொரு நொதி ஏசிசியை எத்திலீனாக மாற்றுகிறது. அதற்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், இருந்த கொஞ்சம் ஆக்சிஜனையும் வேரும் மண்ணுயிர்களும் சீக்கிரத்தில் தீர்த்துவிடும். மூச்சுத் திணறும் வேர் ஏசிசியை ஏராளமாகச் செய்கிறது. ஆனால் அதை எத்திலீனாக்க வழியில்லை. தேங்கிய ஏசிசி, தண்டில் மேலேறும் நீரோடு சேர்ந்து இலைக்குப் போகிறது. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, மளமளவென்று எத்திலீன் ஆகிவிடுகிறது. காம்பு வளைகிறது. 1980இல் கென்ட் பிராட்ஃபோர்டும் யாங்கும் நீர் தேங்கிய தக்காளியின் தண்டை வெட்டி, ஊறி வந்த சாற்றைச் சேகரித்து அளந்தார்கள். இலை வளைவதற்கு முன்பே சாற்றில் ஏசிசி ஏறியிருந்தது. தேர்ந்த சோதனை. எங்கள் வகுப்புகளில் எல்லா ஹார்மோன்களையும் பட்டியல் போட்டு ஒப்பிக்க வைப்பதற்குப் பதிலாக இந்த ஒன்றை மட்டும் செய்துகாட்டினாலே மாணவர்கள் தாவர உடலியலை விரும்பிப் படிப்பார்கள்.

மரபணுவின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. ஏசிசியைச் செய்யும் நொதிக்குத் தக்காளியில் ஒரே ஒரு மரபணு இல்லை, ஒரு குடும்பமே இருக்கிறது. பழம் பழுக்கும்போது அந்தக் குடும்பத்தின் 2ஆம், 4ஆம் எண் மரபணுக்கள் வேலை செய்கின்றன. வேர் நீரில் மூழ்கும்போது எழுந்திருப்பவர்கள் 3ஆம், 7ஆம் எண்காரர்கள். அதிலும் 7 மிகச் சீக்கிரம் எழுகிறது என்று 1998இல் காட்டினார்கள். பொருள் ஒன்றுதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் தயாரிப்பது என்பதைச் செடி தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது.

இலையைத் தாழ்த்துவதால் என்ன லாபம்? மூழ்கிய வேரால் நீரைச் சரியாக உறிஞ்ச முடியாது. ஆகவே வெயில் நேரே படும் பரப்பைக் குறைத்தால் செலவு குறையும் என்று விளக்குகிறார்கள். இன்னொரு வேலையும் நடக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டிய தண்டில் வெள்ளை வெள்ளையாகச் சிறு புடைப்புகள் தோன்றும். நோய் என்று நினைத்துச் சிலர் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை புது வேர்கள். பழைய வேர் செத்தாலும் பிழைக்க, எத்திலீனும் ஆக்சின் என்ற வேறொரு ஹார்மோனும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு.

எத்திலீன் என்ற பேரைக் கேட்டதும் இந்த அவையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். ஆலையில் வேலை பார்ப்பவர்களாக இருக்கும். பாலித்தீனுக்கு மூலப்பொருளான அதே எத்திலீன்தான். இந்த ஹார்மோனைத் தாவரவியலுக்கு அறிமுகம் செய்ததே ஆலை வாயுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரி வாயுவால் தெருவிளக்கு எரித்தார்கள். குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காலத்துக்கு முன்பே இலை உதிர்த்தன. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்ற இளைஞர், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதற்குக் காரணம் விளக்கு வாயுவில் உள்ள எத்திலீன் என்று கண்டுபிடித்தார். தக்காளியோ இந்த வாயுவுக்கு மிகவும் கூச்சப்படும் செடி. கண்ணாடிக் குடில்களில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கத் தக்காளிச் செடி ஒன்றை வைத்துப் பார்க்கும் வழக்கமே இருந்தது. 1950களில் அமெரிக்காவின் டெக்சஸில் பாலித்தீன் ஆலையை அடுத்த பருத்தி வயல்களில் எத்திலீனால் ஏற்பட்ட சேதத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். அதன் புரொப்பிலீனை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆலை புரொப்பிலீன் கிளைக்கால் செய்கிறது. புரொப்பிலீன், எத்திலீனுக்கு உடன்பிறப்பு. செடிகள் அதையும் எத்திலீன் என்றே எடுத்துக்கொள்ளும், ஆனால் அளவு ஏறத்தாழ நூறு மடங்கு வேண்டும். ‘அப்படியென்றால் எங்கள் மாடித் தக்காளியில் பூ கொட்டுவது ஆலையால்தானா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அளந்து பார்க்காமல் ‘ஆம்’ என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும், அறிவியல் ஆகாது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2009இல் இந்திய அரசு வகுத்த காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் இருக்கின்றன. பென்சீன் உண்டு, அம்மோனியா உண்டு, எத்திலீன் இல்லை. பெரும்பாலும் மனிதருக்கு எது கெடுதல் என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது. செடியைக் கேட்டுப் போட்டதல்ல.

சரி, ஒரு யோசனை தோன்றும். எத்திலீன்தானே இலையைத் தொங்கப் போடுகிறது, பூவை உதிர்க்கிறது? அதை உணரும் மரபணுவைக் கெடுத்துவிட்டால் வெள்ளம் தாங்கும் தக்காளி கிடைத்துவிடுமே! இயற்கையே அந்தச் செடியைத் தந்திருக்கிறது. ‘நெவர் ரைப்’ என்ற திடீர்மாற்றத் தக்காளி. செல்லில் எத்திலீனைப் பிடிக்கும் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. எத்திலீன் வராத வரை அந்த ஏற்பி எல்லா எதிர்வினைகளையும் அடக்கி வைத்திருக்கும். எத்திலீன் வந்து ஒட்டினால் பிடியைத் தளர்த்தும். நெவர் ரைப் செடியில் அந்த ஏற்பி பழுதானதால் எத்திலீன் வந்தாலும் பிடி தளராது என்று 1995இல் மரபணு வரைக்கும் போய் நிறுவினார்கள். அந்தச் செடி எத்திலீனுக்கு இலையை வளைக்காது. பூவும் சீக்கிரம் உதிராது. ஆனால் பழம்? பேரிலேயே இருக்கிறது: பழுக்கவே பழுக்காது. மஞ்சளும் ஆரஞ்சுமாக அரைகுறையாக நின்றுவிடும். போதாக்குறைக்கு, வெள்ளத்தில் தண்டிலிருந்து புது வேர் விடும் திறமையும் குறைந்துவிடுகிறது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆலையில் சங்கு ஊதுகிறது. ஒருவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார், ஒருவர் அவசரமாக உள்ளே போகிறார், கேட்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் ஏற்றுகிறார். சத்தம் ஒன்று, கேட்பவரைப் பொறுத்து வேலை வேறு. காதைக் குடைகிறதே என்று சங்கைக் கழற்றிப் போட்டால் ஷிஃப்ட் மாறாது. எத்திலீனும் அப்படித்தான்: காம்பு கேட்டால் வளையும், தண்டு கேட்டால் வேர்விடும், காய் கேட்டால் சிவக்கும்.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். ‘வறட்சி தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு’, ‘உப்பைத் தாங்கும் மரபணு தயார்’ என்று செய்தித்தாளில் அவ்வப்போது வருகிறது. அந்த மரபணுக்களில் பல ஏதாவதொரு ஹார்மோனைச் செய்வதிலோ, உணர்வதிலோ, அழிப்பதிலோ பங்குள்ளவை. ஹார்மோன் எதுவும் துன்பத்துக்கென்று தனியாக இல்லை. வளர்வதற்கும் பூப்பதற்கும் பழுப்பதற்கும் அதுவேதான். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் இறங்கும். எது இறங்கும் என்று சொல்லாத செய்தியை நம்பாதீர்கள்.

அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைப் பாருங்கள். மண் காய்ந்தால் இலைத்துளைகளை மூடச் சொல்வது இது. இதன் வேலையை நமக்குக் கற்றுக்கொடுத்தவை மூன்று நோஞ்சான் தக்காளிகள்: ஃப்ளக்கா, சிட்டியென்ஸ், நொட்டபிலிஸ். ஜெர்மனியில் ஸ்டுபே என்பவர் எக்ஸ் கதிரால் உண்டாக்கிய திடீர்மாற்றங்கள் இவை. வேரில் ஈரம் இருக்கும்போதே உச்சி வெயிலில் துவண்டு விழும். காரணம், அப்சிசிக் அமிலம் போதாமல் இலைத்துளை மூடுவதே இல்லை. 1970இல் இஸ்ரேலில் மோஷே தாலும் உடன் பணியாற்றிய இம்பரும் ஃப்ளக்கா செடிக்கு அந்த அமிலத்தைத் தெளித்தபோது, அது மற்றத் தக்காளி போலவே நிமிர்ந்து நின்றது. மூன்றிலும் பழுதான மரபணு வெவ்வேறு என்பதைப் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

வடசென்னையில் இந்த அமிலத்துக்கு வேலை வருவது உப்பின் வழியாக. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே புகுந்த கதை 1960களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் தொட்டியின் வாயோரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. செடிக்கு அது வறட்சிதான். அதே அப்சிசிக் அமிலம் ஏறி, இலைத்துளையை மூடுகிறது. துளை மூடினால் நீர் மிச்சம். ஆனால் கரியமிலவாயு நுழைவதும் அந்தத் துளை வழியாகத்தான், எனவே சோறு குறையும், காய் சிறுக்கும். மண் பரிசோதனைச் சீட்டில், உப்பின் அளவைக் காட்ட, ஈ.சி. என்று ஒரு எண் இருக்கும். மண்சாற்றில் அது 2.5ஐத் தாண்டினால் தக்காளியின் மகசூல் இறங்கத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு.

உப்பில் வாழும் தக்காளியும் உலகத்தில் உண்டு. கலாபகோஸ் தீவுகளில் கடலோரப் பாறையில் வளரும் காட்டுத் தக்காளி. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரிக் அதன் விதையைக் கொண்டுவந்து போட்டால் முளைப்பது அரிதாக இருந்தது. கடைசியில் அந்தத் தீவின் ராட்சத ஆமைக்குத் தின்னக் கொடுத்து, அதன் வயிற்றைக் கடந்து வந்த விதையைப் போட்டார். முளைத்தது! 1961இல் வெளியான கட்டுரை அது. இன்று உலகம் முழுக்கத் தக்காளி வளர்ப்பாளர்கள் அவர் சேர்த்து வைத்த காட்டு விதைகளிலிருந்துதான் கடன் வாங்குகிறார்கள்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ காம்போடு உதிர்கிறது. விவசாயிகள் கடையில் ‘பிளானோபிக்ஸ்’ வாங்கித் தெளிக்கிறார்களே, அது ஆக்சின் வகை ஹார்மோன்தான். ஆக்சினின் பேச்சை அடக்கி வைக்கும் ஐஏஏ9 என்ற மரபணுவை நிறுத்தினால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே, விதையில்லாத காய் பிடிக்கிறது. பூச்சி கடித்தால் எழுகிற ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோனும் தக்காளியில் விரிவாக ஆராயப்பட்டதே. அதன் ஒரு வடிவம் மல்லிகை மணத்தில் இருக்கிறது. அந்த வடிவத்தின் ஆவி பட்டாலே, கடிபடாத தக்காளிச் செடியும் புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தைச் செய்யத் தொடங்குகிறது என்று 1990இல் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரயனும் காட்டினார்கள்.

தக்காளி ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. தக்காளியின் மரபணுத்தொகுப்பு முழுவதும் 2012 மே மாதம் வெளியானது. 12 குரோமோசோம்களில் ஐந்தாவதைப் படிக்கும் பொறுப்பை டெல்லியின் ஆய்வகங்கள் ஏற்றன. மொத்தம் ஏறத்தாழ 35,000 மரபணுக்கள். மரபணுத் திருத்தத்துக்கும் 2022இல் அரசு வழியைக் கொஞ்சம் எளிதாக்கியது. அயல் மரபணு சேர்க்காத திருத்தங்களுக்குப் பழைய கடுமையான விதிகள் இல்லை. 2025 மே மாதம் அறிவித்த இரண்டு திருத்திய நெல் ரகங்களில் ஒன்று வறட்சியையும் உப்பையும் குறிவைத்தது. தக்காளியிலும் வரும். வரட்டும், நான் எதிரி இல்லை. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 தக்காளியே அன்னஞ்சி நாட்டு ரகத்தில் செயற்கையாகத் திடீர்மாற்றம் உண்டாக்கிப் பெற்றதுதான். அதைத் தின்று யாரும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் தண்ணீர் தேங்கும் ஊருக்கு இன்றைக்கே கைவசம் ஒரு வழி இருக்கிறது. எத்திலீனை உணரும் திறனைச் செடி முழுவதும் கெடுக்காமல், வேரை மட்டும் மாற்றுவது. கனடாவில் கிளிக் என்பவர் குழு 2001இல், ஏசிசியைச் சிதைக்கும் பாக்டீரிய மரபணுவைத் தக்காளியின் வேரில் மட்டும் வேலை செய்ய வைத்தபோது செடி வெள்ளத்தை மேலாகத் தாங்கியது. மரபணுவைத் தொடாமலும் இந்தத் திசையில் போகலாம். கத்தரிக்காயின் வேர் தேங்கிய நீரைத் தக்காளியைவிட நன்றாகத் தாங்கும். கத்தரி நாற்றின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினால், கீழே கத்தரி வேர், மேலே வழக்கமான தக்காளி. பழமும் வழக்கம்போலச் சிவக்கும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் மழைக்காலத் தக்காளிக்குப் பல ஆண்டுகளாக இதைத்தான் பரிந்துரைக்கிறது. வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனமும் செய்துகாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் சுண்டை வேரில் கத்தரியை ஒட்டிய நாற்று விவசாயிகளிடம் ஏற்கெனவே புழங்குகிறது, ஆக ஒட்டுக்கட்டும் கை நமக்குப் புதிதல்ல.

2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. தக்காளி விளையும் மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழையோ வெயிலோ அளவு தப்பினால் கோயம்பேட்டில் விலை ஏறுகிறது. அதை மாடித் தொட்டி மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாடித்தோட்டத் தொகுப்பு என்று அரசு மானியத்தில் விதைப் பொட்டலம் கொடுக்கிறது. கொசஸ்தலையாற்றுக் கரைக்கும் கோவைக்கும் ஒரே பொட்டலம். இந்த ஊருக்குப் பொட்டலத்தில் கத்தரி வேரில் ஒட்டிய தக்காளி நாற்று வேண்டும். ஒட்டு நாற்று தயாராக ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும், ஐப்பசி மழைக்கு முன் அது தொட்டியில் வேர் பிடித்திருக்க வேண்டும். ஆகவே குடியிருப்போர் சங்கங்கள் தோட்டக்கலைத் துறைக்கு மனுவை ஆடி மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.